கிளியை வைப்பதா, எடுப்பதா: வடகப் பாக்கெட்டை மாற்றும் முன் நாங்கள் யோசித்த வழிகள்

சித்திரை பிறந்தால் எங்கள் வீட்டு மாடியில் வடகம் காய ஆரம்பித்துவிடும். அதற்குள் பாக்கெட் விஷயத்தில் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். புது வடகம் புதுக் கவரில் போவதா, பழைய கவரிலேயே போவதா என்பதுதான் இந்தத் தை மாதம் முழுக்க எங்கள் வீட்டில் பேச்சு.

கடலூர் முதுநகரில் அப்பா தொடங்கிய தொழில் இது. தாளிப்பு வடகம் (சின்ன வெங்காயம், பூண்டு சேர்த்து உருட்டிக் காயவைத்தது), குழம்பு மிளகாய்த்தூள், இரண்டே சரக்கு. தெற்கே சிதம்பரம் முதல் வடக்கே வில்லியனூர் வரை மளிகைக் கடைகளில் எங்கள் பாக்கெட் தொங்கும். உள்ளே இருப்பது தெரிகிற கவர். மேலே மஞ்சள் பட்டை, அதில் ஒரு பச்சைக் கிளி, கிளியின் அலகில் சிவப்பு மிளகாய், கீழே பெயர். இருபத்தாறு வருஷமாக இதே தோற்றம்தான். கிளியை வரைந்தவர் முதுநகரில் போர்டு எழுதிக்கொண்டிருந்த ஓவியர். அவருக்குக் கூலியோடு இரண்டு கிலோ வடகமும் கொடுத்ததாக அப்பா சொல்வார்.

சென்னையில் வேலை பார்த்துவிட்டு இரண்டு வருஷம் முன்பு ஊருக்குத் திரும்பிய என் தம்பி, "அக்கா, இந்தக் கவரை வச்சுக்கிட்டு இதுக்கு மேல போக முடியாது" என்கிறான். அவன் பேச்சில் நியாயம் இருக்கிறது. புதுச்சேரியில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சரக்கு கொடுக்கப் போனபோது, மேலாளர் எங்கள் பாக்கெட்டை அலமாரியில் வைத்துப் பார்த்தார். அது சரிந்து விழுந்தது. "நிக்கவே மாட்டேங்குதே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பின்பக்கமும் மோசம்தான். அப்பா கவர் அடித்த காலத்தில் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் இல்லை. அதற்கப்புறம் வந்த எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) தரும் 14 இலக்க உரிம எண், சத்து விவரம், நுகர்வோர் தொலைபேசி எண், ஒரு கிராம் என்ன விலை என்கிற கணக்கு, எல்லாவற்றையும் கிடைத்த இடத்தில் சொருகிச் சொருகி, படிக்க பூதக்கண்ணாடி தேவைப்படுகிற அளவுக்கு ஆகிவிட்டது.

ஆக, ஏதோ ஒன்றை மாற்றத்தான் வேண்டும். எதை மாற்றுவது, எதைத் தொடக்கூடாது என்பதில்தான் குழப்பம். பண்ருட்டிப் பக்கம் முந்திரி பாக்கெட் போடுகிறவர்கள், அப்பளம், ஊறுகாய் போடுகிறவர்கள் என்று இதே யோசனையில் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் உதவட்டும் என்றுதான் நாங்கள் எடை போட்டுப் பார்த்ததை எழுதுகிறேன். (கடலூர்க்காரர்களுக்குப் பாக்கெட் ஒன்றும் புதிதில்லை. ஷாம்புவைச் சின்னச் சாஷேயில் அடைத்து விற்கலாம் என்று வழிகாட்டிய சின்னி கிருஷ்ணன் இந்த ஊர்க்காரர். அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொடங்கியதுதான் பிற்பாடு கெவின்கேர் ஆனது.)

முதல் வேலையாக, திருப்பாதிரிப்புலியூரில் எங்களுக்குப் பழக்கமான ஒரு மளிகைக் கடையில் மூன்று நாள் சாயங்காலம் ஓரமாக உட்கார்ந்தேன். எங்கள் பெயரைச் சொல்லி வடகம் கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் எல்லாரும் "கிளி வடகம் ஒண்ணு", "அந்த மஞ்சப் பாக்கெட்டு", இல்லையென்றால் கையை நீட்டி "அதோ, அது". தேவனாம்பட்டினத்திலிருந்து மீன் விற்றுவிட்டு வந்த ஆயா ஒருவர், பாக்கெட் கைக்கு வந்ததும் டியூப் லைட் பக்கம் தூக்கிப் பிடித்தார். உருண்டைகள் உடையாமல் இருக்கின்றனவா, அடியில் தூள் தங்கியிருக்கிறதா என்று பார்த்தார். கட்டை விரலால் ஓர் உருண்டையைக் கவரோடு சேர்த்து நெருடினார். கவர் ஒட்டிய ஓரத்தை மூக்கருகே கொண்டுபோய் மோந்தார். "ம்" என்று ஒரு சத்தம். அப்புறம்தான் சுருக்குப் பை அவிழ்ந்தது. பெயர் இருந்த பக்கம் அவர் கண் போகவே இல்லை.

மூன்றாம் நாள், தம்பி மாதிரிக்கு அடித்து வைத்திருந்த பத்துப் பவுச்சுகளைப் பழைய சரத்துக்குப் பக்கத்திலேயே தொங்கவிடச் சொன்னேன். மங்கலான கறுப்புப் பவுச், தங்க நிறத்தில் பெயர், கிளி கிடையாது, உள்ளே இருப்பதும் தெரியாது. ஒரு அம்மா எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏன் அண்ணாச்சி, இது அவங்க போடறதா, டூப்ளிகேட்டா?" என்று கேட்டார். அண்ணாச்சி என்னைக் காட்டி, "அவங்களே உக்காந்திருக்காங்க, கேளுங்கம்மா" என்றார். நம் சரக்குதான், அதே வடகம்தான் என்று நான் சொன்னேன். "சரிம்மா, எனக்குப் பழசே குடுங்க" என்று வாங்கிப் போனார். போட்டவளே எதிரில் உட்கார்ந்து சொல்லியும் அவருக்கு மனசு ஒப்பவில்லை. அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

அதே சமயம், கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும் போல ஒரு பெண், கறுப்புப் பவுச்சை எடுத்து, "ஜிப் இருக்கே, நல்லதாப் போச்சு" என்று சந்தோஷமாக வாங்கினார். வடகத்தைத் தினம் ஒரு சிட்டிகைதான் போடுவோம். பாக்கெட்டைப் பிரித்துவிட்டால் அலமாரி முழுக்க பூண்டு வாசம் ஏறிவிடும். இருபத்தாறு வருஷம் இதை நாங்கள் யோசிக்காமல் விட்டது எங்கள் தவறு.

இனி வழிகளுக்கு வருகிறேன்.

எதையும் தொடாமல் விடுவது முதல் வழி. அப்பாவுக்கு இதுதான் இஷ்டம். செலவு இல்லை, யாரும் குழம்பமாட்டார்கள். ஆனால் வாங்குகிறவர்கள் வயதாகிக்கொண்டே போகிறார்கள். கிளியைத் தேடி வருகிறவர்களில் பாதிக்கு மேல் ஐம்பதைத் தாண்டியவர்கள். அவர்கள் மருமகள்கள் வாங்கும் கடைகளில் சரம் தொங்கவிட ஆணியே கிடையாது. பின்பக்கத்தில் சட்டம் கேட்கும் விவரங்களுக்கு இடமும் இல்லை. இந்த வழியை இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

இரண்டாவது, ஒரே அடியாக எல்லாவற்றையும் மாற்றுவது. தம்பி முதலில் கேட்டது இதைத்தான். இதில் என்ன நடக்கும் என்பதற்கு உலகமே பார்த்த உதாரணம் டிராப்பிக்கானா. அமெரிக்காவில் அந்த ஆரஞ்சுச் சாற்றின் அட்டைப் பெட்டியில் ஓர் ஆரஞ்சுப் பழமும் அதில் குத்திய ஸ்டிராவும் இருக்கும். 2009 ஜனவரியில், அப்போது அதை நடத்திய பெப்சிகோ அந்தப் படத்தை எடுத்துவிட்டு, ஒரு கண்ணாடி டம்ளர் நிறைய சாறு இருப்பது போலப் போட்டது. எழுத்தும் மாறியது. உள்ளே இருந்த சாற்றில் மாற்றம் இல்லை. இரண்டு மாதம் முடிவதற்குள் விற்பனை சுமார் 20 சதவீதம் சரிந்தது. பிப்ரவரியிலேயே பழைய பெட்டிக்குத் திரும்புவதாக அறிவித்துவிட்டார்கள். வாங்குகிறவர்கள் கோபப்பட்டது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய காரணம், அலமாரியில் தங்கள் பெட்டி எது என்று அவர்களுக்குத் தெரியாமல் போனது. கண்ணுக்குப் பழகிய பழம் இல்லையென்றால் கை பக்கத்துப் பெட்டிக்குப் போய்விடுகிறது. நாள்பட்ட வாடிக்கையாளர் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பவர்கூட, தேடி நாம் கிடைக்காவிட்டால் போய்விடுவார்.

நிறம் ஒன்றே போதும், சரக்கையே சந்தேகப்பட வைக்க. 2011இல் கோகோ கோலா, பனிக்கரடிகளைக் காப்பதற்காக அமெரிக்காவில் சிவப்பு டின்னை வெள்ளையாக்கியது. வெள்ளி நிற டயட் கோக் டின் என்று நினைத்துப் பலர் தவறாக எடுத்தார்கள், ருசியே மாறிவிட்டது என்றுகூடச் சிலர் குறை சொன்னார்கள். கொஞ்ச நாளில் சிவப்பு திரும்பி வந்தது. பெப்சிகோவும் கோகோ கோலாவும் தாங்கிக்கொள்ளும். இரண்டு மாதம் விற்பனையில் ஐந்தில் ஒரு பங்கு போனால் அடுத்த வருஷத்துக்குச் சின்ன வெங்காயம் வாங்க எங்களிடம் பணம் இருக்காது.

நிறத்தின் பலத்தைப் பார்க்க அமெரிக்கா வரை போகவும் வேண்டாம். ஆவின் பால் வாங்குகிறவர் யாராவது "நிலைப்படுத்திய பால் ஒன்று" என்று கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? "ரெண்டு பச்சை, ஒரு ஆரஞ்சு" என்றுதான் கேட்போம். நீலத்தில் 3 சதவீதம் கொழுப்பு, பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6 என்கிற அளவு தெரியாதவர்களுக்கும் எந்த நிறம் காபிக்கு, எந்த நிறம் தயிருக்கு என்று தெரியும். 2023 கடைசியில் பச்சைக்குப் பதிலாக 3.5 சதவீதக் கொழுப்புள்ள ஊதாப் பாக்கெட்டை அதே லிட்டர் 44 ரூபாய்க்கு ஆவின் முன்னிறுத்தியபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. நிறமும் மாறி, உள்ளே இருப்பதும் குறைந்து, விலை மட்டும் அப்படியே இருந்தால் வாங்குகிறவர் மனதில் என்ன ஓடும் என்று நாம் யோசிக்க வேண்டும்.

டிராப்பிக்கானாவும் 2024இல் மறுபடி பாட்டிலை மாற்றியது. இந்த முறை அளவும் 52 அவுன்ஸிலிருந்து 46 ஆகக் குறைந்தது. அந்த அக்டோபரில் விற்பனை முந்தைய ஆண்டைவிட 19 சதவீதம் வரை கீழே போனது. தம்பி போட்ட கணக்கிலும் இந்த ஆபத்து ஒளிந்திருந்தது. ஜிப் பவுச்சுக்கு ஆகும் கூடுதல் செலவைச் சரிக்கட்ட, 100 கிராமை 90 ஆக்கலாம் என்று ஒரு வரி எழுதியிருந்தான். அந்த வரியை நான் அடித்தேன். தோற்றம் மாறுகிற வருஷத்தில் எடையையும் ருசியையும் தொடுவதில்லை என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். விலையை வேண்டுமானால் வெளிப்படையாக இரண்டு ரூபாய் ஏற்றலாம். அதைக்கூட ஆறு மாதம் தள்ளித்தான் செய்ய வேண்டும்.

மூன்றாவது வழி எனக்கு ரொம்ப நாள் பிடித்திருந்தது. பழைய பாக்கெட் அப்படியே மளிகைக் கடைக்கு, புதுப் பவுச் சூப்பர் மார்க்கெட்டுக்கும் புதுச்சேரிக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்கும். புதுச்சேரியில் வடகத்துக்கு ஒரு தனி மவுசு உண்டு. நம் வடகம்தான் பிரெஞ்சுக்காரர்கள் கையில் வதுவான் என்கிற மசாலா ஆகி அவர்கள் சமையலறைக்குப் போனது. மிஷன் வீதிப் பக்கம் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் அதை ஊருக்கு எடுத்துப் போக ஆசைப்படுகிறார்கள். அவர்களுக்குக் கிளி தெரியாது, அதனால் எடுத்துவிட்டாலும் நஷ்டம் இல்லை. இங்கிலாந்தில் லைல்ஸ் கோல்டன் சிரப் என்கிற சர்க்கரைப் பாகு கிட்டத்தட்ட இப்படித்தான் செய்தது. 1880களிலிருந்து அதன் டின்னில் ஒரு செத்த சிங்கமும் அதைச் சுற்றித் தேனீக்களும் இருக்கும். உலகிலேயே பழைய பிராண்டிங் என்று கின்னஸில் இடம்பிடித்த படம் அது. 2024இல் பிளாஸ்டிக் பாட்டில்களுக்கெல்லாம் எளிமையான புதுச் சிங்க முகத்தைப் போட்டார்கள். பச்சையும் பொன்னிறமுமான அந்த டின்னில் மட்டும் பழைய படத்தை விட்டுவைத்தார்கள்.

ஆனால் எங்கள் அளவுக்கு இது ஒத்துவருமா என்று கணக்குப் போட்டபோதுதான் இடித்தது. கவர் அச்சுக்கு நிறத்துக்கு ஒரு சிலிண்டர் (அச்சு உருளை) வெட்ட வேண்டும். ஐந்து நிறம் என்றால் ஐந்து சிலிண்டர். சைஸ் மாறினால் அதற்குத் தனி செட். ஒரு தடவை ஓட்டினால் நூற்றுக்கணக்கான கிலோ ஃபிலிம், அதாவது அச்சடித்த கவர் சுருள், எடுத்தாக வேண்டும். இரண்டு தோற்றத்துக்கு இரண்டு மடங்கு பணம் கிடங்கில் தூங்கும். இடையில் முகவரியோ உரிம எண்ணோ மாறினால் இரண்டு ஃபிலிமும் வீண். புது வகைக்கு மட்டும் பிளெயின் பவுச்சில் ஸ்டிக்கர் ஒட்டலாம், இல்லை டிஜிட்டல் பிரிண்ட் போடலாம், அது கொஞ்சம் தாங்கும். அப்படியும் ஒரு சங்கடம் மிச்சம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். மஞ்சக்குப்பத்தில் கிளியை வாங்குகிறவர் ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரியில் அதே பெயரில் கிளியில்லாத, விலை கூடுதலான பவுச்சைப் பார்த்தால், நல்ல சரக்கை அங்கே அனுப்பிவிட்டு மட்டமானதை நமக்குத் தருகிறார்கள் என்று நினைக்க மாட்டாரா? நானாக இருந்தால் அப்படித்தான் நினைப்பேன்.

மிச்சம் இருப்பது நான்காவது. ஜனங்கள் எதைப் பிடித்து நம்மை அடையாளம் காண்கிறார்களோ அதை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, சுற்றியிருப்பதை மாற்றுவது. கேட்க எளிது, எது அந்த அடையாளம் என்று கண்டுபிடிப்பதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். போடுகிறவர்கள் தங்கள் பெயர்தான் அடையாளம் என்று நம்புகிறார்கள். கடையில் உட்கார்ந்து பார்த்ததில் எங்களுக்கு மூன்று தெரிந்தது: கிளி, மஞ்சள், உள்ளே இருக்கும் உருண்டை தெரிவது. நான்காவதாகத்தான் பெயர் வருகிறது. தம்பியின் கறுப்புப் பவுச் முதல் மூன்றையும் எடுத்துவிட்டு நான்காவதைத் தங்கத்தில் போட்டிருந்தது.

இதை அவனிடம் சொன்னபோது முகம் சுருங்கியது. ஒரு வாரம் பேசவில்லை. அப்புறம் அவனே ஒரு மாதிரி செய்துகொண்டு வந்தான். நிற்கிற பவுச், மேலே ஜிப், முன்பக்கம் மேல் பாதியில் அதே மஞ்சள், அதே இடத்தில் அதே அளவில் அதே பக்கம் பார்க்கிற கிளி, கீழ்ப்பாதி திறந்த ஜன்னல் போல உள்ளே தெரிகிறது. பெயர் எழுத்து மட்டும் சுத்தமாகி, கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது. தொங்கவிடுகிற கடைகளுக்காக மேலே ஒரு ஓட்டை. பின்பக்கம் முழுக்கப் புதிது, என் மாமியார் கண்ணாடி போடாமல் படித்துக் காட்டினார். அதைச் சரத்தில் மாட்டி, கடை வாசலில் ஆறடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். கிளி பாக்கெட்தான். உங்கள் டிசைனையும் கம்ப்யூட்டர் திரையில் பார்க்காமல், ஒரு தரம் இப்படிக் கடை வெளிச்சத்தில், பக்கத்துச் சரக்குகளுக்கு நடுவில் பாருங்கள்.

சட்டப் பக்கமும் இந்த வழிக்கே சாதகமாக இருக்கிறது. எங்கள் கிளி, பெயரோடு சேர்த்து டிரேட்மார்க் பதிவில் இருக்கிறது. 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். பதிவான குறியின் அடிப்படை மாறாத சின்ன மாற்றங்களுக்குத்தான் அனுமதி கேட்க முடியும். அடியோடு மாற்றினால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அது கைக்கு வரும்வரை எங்கள் கிளியைப் போல ஒன்றை வேறு யாராவது போட்டால் சண்டை போடுவது சிரமம். நாங்களே கிளியைக் கைவிட்டு ஐந்து வருஷம் பயன்படுத்தாமல் விட்டால், பதிவை நீக்கச் சொல்லி இன்னொருவர் கேட்கவும் வழி இருக்கிறது. ஒரு நல்ல விஷயமும் உண்டு. அப்பா கறுப்பு வெள்ளையில் பதிவு செய்திருக்கிறார். நிறத்தைக் குறிப்பிட்டுக் கட்டுப்படுத்தாமல் பதிவு செய்தது எல்லா நிறத்துக்கும் பொருந்தும்.

இந்த வழியிலும் குறை உண்டு. சூப்பர் மார்க்கெட் மேலாளருக்குக் கிளி இன்னும் பழைய பாணியாகத்தான் தெரியலாம். தம்பி ஆசைப்பட்ட அந்தப் பளபளப்பு இதில் இல்லை. கடைக்காரர் ஒருவர், "மாத்தறதுன்னா முழுசா மாத்துங்க, இல்லன்னா விடுங்க" என்று சொன்னார். அவர் சொல்வது புதிதாகக் கடை போடுகிறவர்களுக்குச் சரி. அல்லது பெயர் கெட்டுப்போன சரக்குக்குச் சரி. அப்போது பழைய முகமே சுமையாக இருக்கும், ஒரே அடியாக மாற்றுவதுதான் நல்லது. நம் சரக்கைத் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்றால் அவர்கள் தேடுகிற அடையாளத்தை எடுக்க நமக்கு என்ன உரிமை? வெயிலில் நான்கைந்து நாள் உலர்த்தி, சாயங்காலம் திரும்பத் திரும்பப் பிசைந்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி வைத்ததை அந்த ஆயா ஒரு "ம்" சொல்லி ஏற்றுக்கொள்கிறார். அந்த ஒரு சத்தத்துக்காகத்தான் எங்கள் அம்மா முப்பது வருஷம் மாடி ஏறி இறங்கினார்.

ஆகவே நான்காவது வழியில் போகிறோம். வடகம் மட்டும் முதலில். மிளகாய்த்தூளுக்குப் பழைய ஃபிலிம் தீரும்வரை பழைய கவர்தான். 100 கிராம் 100 கிராமாகவே இருக்கும். கடைகளுக்குச் சரக்கு போடும் லைன் வண்டியில் போகிற பையன், பழைய ஸ்டாக் தீர்ந்த பிறகே புதுசைக் கொடுக்கலாம் என்றான். நான் அதற்கு நேர்மாறாகச் சொல்லியிருக்கிறேன். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஒரு மாதம் தொங்கட்டும். பழைய கிளிக்குப் பக்கத்திலேயே புதுக் கவரில் அதே கிளியைப் பார்த்தால் யாரும் டூப்ளிகேட்டா என்று கேட்கமாட்டார்கள். முதல் மூன்று மாதம் கவரின் ஓரத்தில் "அதே வடகம், புதுக் கவர்" என்று ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும்.

சிலிண்டருக்கு ஆர்டர் கொடுக்கும் முன் டிசைன் போடுகிற பையன் போன் செய்தான். கிளியின் இடது காலில் ஒரு விரல் குறைவாக வரைந்திருக்கிறது, அதைப் போட்டுச் சரிசெய்யட்டுமா என்று கேட்டான். இருபத்தாறு வருஷம் தினம் பார்த்தும் நான் அதைக் கவனித்ததில்லை. அப்பாவிடம் கேட்டேன். அவர் பழைய பாக்கெட்டை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியே இருக்கட்டும்மா" என்றார். பையனிடமும் அதையே சொல்லிவிட்டேன். மாசிக் கடைசியில் ஃபிலிம் வந்துவிடும்.